திருத்திய தேதி

பேனா என்னுடையது, தாள் ஆரோக்கியமேரி மேடம் கொடுத்தது. அனுப்புநர் எழுதியாயிற்று, பெறுநர் எழுதியாயிற்று, பொருள் என்று போட்டு 'எங்கள் வளர்ப்பு நாய் துரை இறந்தது தொடர்பாக' என்றும் எழுதியாயிற்று. மதிப்பிற்குரிய அம்மா என்று எழுதிக் காற்புள்ளி வைத்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் முப்பத்தோரு வருஷம் ஸ்டோர்ஸ் கிளார்க்காகக் குப்பை கொட்டியவனுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுத வரவில்லை. மேடம் நல்ல மாதிரி. இந்த இன்சூரன்ஸ் ஆபீஸில் கிளெய்ம் பார்க்கிறவர், ஆனாலும் எரிந்து விழவில்லை. ஃபைலைத் திருப்பி என் பக்கம் வைத்து இரண்டு தாள்களை அருகருகே காட்டினார். "ரெண்டும் ஒத்துப்போகல பாருங்க சார். அம்மா கிளெய்ம் ஃபாரத்துல, டாக்டர் தப்பான ஊசி போட்டதால நாய் செத்துப்போச்சுன்னு எழுதியிருக்காங்க. டாக்டர் சர்டிபிகேட்ல, ரெண்டு கிட்னியும் போயிருச்சு, பொழைக்காது, ஓனர் சம்மதத்தோட கருணைக்கொலை செஞ்சோம்னு இருக்கு. சம்மதக் கடிதமும் வச்சிருக்காங்க. உங்க கையெழுத்துதான். நீங்க தெரிஞ்சு சம்மதிச்சீங்களா தெரியாமலான்னு கைப்பட எழுதிக் குடுத்துருங்க. தெரிஞ்சுதான்னா இன்னைக்கே பாஸ் பண்ணிருவேன். தெரியாமன்னா அந்த டாக்டர நாங்க விசாரிக்கணும், வெட்னரி கவுன்சிலுக்கு எழுதணும், அந்தப் பொண்ணு வேலைக்கே ஆபத்தாயிரும். பாலிசி அம்மா பேர்ல இருக்கறதால அவங்களும் படிச்சுப் பாத்துக் கீழ கையெழுத்துப் போடணும். ஒன்னரைக்கு நான் சாப்பிட எந்திரிச்சிருவேன் சார்." இப்போது மணி பன்னிரண்டு நாற்பது. அம்மா என்று அவர் சொன்னது என் மனைவி மங்கையர்க்கரசியை. அவள் வெளியே மாடிப்படிப் பக்கத்து பெஞ்சில் இருக்கிறாள். துரையைப் பற்றி யாரோ எழுதி வைத்ததை என்னால உக்காந்து கேக்க முடியாது, நீங்களே பேசிட்டு வாங்க என்று சொல்லிவிட்டாள். நானும் சரி என்றேன். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

துரை என்று பெயர் வைத்தது அவள்தான். வந்த அன்றைக்கே சோபாவில் ஏறி உட்கார்ந்து கொண்டு எங்களைக் கீழே உட்காரவைத்தவனை வேறு என்னவென்று கூப்பிடுவது. எட்டு வருஷம் துரைத்தனம்தான் பண்ணினான். வெண்ணிற லாப்ரடார், நல்ல கனம், தயிர்ச்சாதம் என்றால் உயிர். இன்சூரன்ஸ் எடுத்ததும் அவள்தான். நான் கிண்டல் பண்ணினேன், எனக்கே ரயில்வே கொடுத்த மெடிக்கல் கார்டைத் தவிர ஒன்றும் கிடையாது, நாய்க்குப் பாலிசியா என்று. இடதுபக்கம் ஒரு போட்டோ, வலதுபக்கம் ஒன்று, முகம் ஒன்று வேண்டும் என்றார்கள். முகம் எடுக்கும்போது வாயைத் திறந்து சிரித்தான். நாமினி என்று ஃபாரத்தில் பார்த்துவிட்டு அவள் கவலையோடு கேட்டாள், "என்னங்க, தொரைக்கு நாமினி யாரப் போடறது?" அது உனக்குத்தான்டி, அவனுக்கில்லை என்று நான் சிரித்த சிரிப்பில் துரை எழுந்து வந்து குரைத்தான். இதையெல்லாம் இப்போது எதற்கு நினைக்கிறேன். கடிதத்தில் இதற்கு இடமில்லை. அவள் பணத்துக்காக இந்த மாடிப்படி ஏறவில்லை. பதினாறு நாளாக ஒரே பேச்சுதான். கம்பெனிக்காரன் சும்மா விடமாட்டான், துருவித் துருவிக் கேட்பான், அந்த டாக்டரம்மா வகையாக மாட்டட்டும், இன்னொரு வாயில்லா ஜீவனுக்கு இப்படி ஆகக்கூடாது. ஃபாரத்தை அவளே நிரப்பினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தேன். ஊசி என்பதில் நெடில் விட்டுப்போயிருந்தது, சேர்த்தேன். எழுதியிருந்த விஷயத்தைத் திருத்தவில்லை.

பக்கத்து நாற்காலியில் மண்ணச்சநல்லூர்க்காரர் ஒருவர் செத்துப்போன மாட்டின் காது வில்லையை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுவந்து மேடம் மேஜைமேல் வைத்திருக்கிறார். வில்லை இல்லாவிட்டால் மாட்டுக்குப் பணம் கிடையாதாம். "சனிக்கிழம போயிருச்சும்மா, வயிறு உப்பி" என்று அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுது என்ன மாடு? ஜெர்சியா?" என்றார். நாய் என்றேன். நாய்க்குமா குடுக்கறான் என்று வாயைப் பிளந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, "நாயும் வீட்டுல ஒரு ஆளுதானுங்களே" என்றார். அந்த மனுஷன் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. தலையைக் குனிந்து காற்புள்ளியைப் பார்த்தேன். மை ஊறிக் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. தெரியாமல் என்று எழுதிவிட வேண்டியதுதான். நடந்ததும் அதுதானே. அந்த டாக்டர் பெண் இளவேனில் என்ன கேட்டாள்? "அங்கிள், இவனத் தூங்க வச்சிரலாமா?" என்றுதான் கேட்டாள். தூங்க வைப்பது என்றால் தமிழில் என்ன அர்த்தம்? பிள்ளையைத் தூளியில் போட்டு ஆட்டுவதற்கும் அதுதான் வார்த்தை. துரை நாலு நாளாகத் தூங்கவில்லை. தண்ணீர் குடித்தால் வாந்தி, எழுந்தால் பின்னங்கால் மடங்கிவிடும், வாயெல்லாம் புண், சுவரில் தலையை வைத்து முட்டிக்கொண்டு நிற்பான். வலிப்பு வந்தால் நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்வோம். அதனால்தான் சொன்னேன், "வச்சிருங்கம்மா, பாவம், நாலு நாளா கண்ண மூடல." இதில் என்ன தப்பு? நோயாளி தூங்கட்டும் என்றுதானே எந்த மனுஷனும் நினைப்பான். ஆஸ்பத்திரியில் வலி பொறுக்காதவர்களுக்கு ஊசி போட்டுத் தூங்க வைப்பதில்லையா. என் தங்கை கணவருக்குப் போட்டார்களே, மறுநாள் எழுந்து காபி கேட்டாரே. அந்தப் பெண் கொல்லட்டுமா என்று நேராகக் கேட்டிருந்தால் நானும் நேராகப் பதில் சொல்லியிருப்பேன். இது போதும், இப்படியே எழுதலாம். மேற்படி மருத்துவர் தூங்க வைக்கலாமா என்று மட்டுமே கேட்டதால், அதன் பொருள் எனக்கு விளங்காத நிலையில். விளங்காத நிலையில் என்பது நன்றாகத்தான் இருக்கிறது. ஆபீஸ் தமிழில் எதையும் சொல்லிவிடலாம். சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டீர்களே என்றால் அது இங்கிலீஷில் இருந்தது, அன்றைக்குக் கண்ணாடி கொண்டுபோகவில்லை. இதை மேடத்திடமும் வாய்விட்டுச் சொல்லியாயிற்று. மேடம் ம்ம் என்றார், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தாள் என் முன்னாலேயே கிடக்கிறது. அச்சடித்த வரிகள், மேலே ஒரு கட்டத்தில் தேதி. பதினொன்று என்று எழுதியிருக்கிறது, ஒன்றின் மேல் ஒரு கோடு இழுத்துப் பன்னிரண்டு என்று திருத்தியிருக்கிறது, திருத்திய இடத்துக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு சுருக்கொப்பம். அது என் சுருக்கொப்பம்.

என்னைத் தவிர யார் அப்படிச் செய்வார்கள்? நாய் செத்துக்கொண்டிருக்கும்போது தேதி தப்பு என்று பார்த்து, அடித்து, திருத்தி, திருத்திய இடத்தில் ஒப்பம் வைக்கிறவன் திருச்சி ஜில்லாவில் என்னை விட்டால் யார்? தேதி எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது. கண்ணாடி இல்லாமல் எனக்கு ஐந்து ரூபாய் நாணயமே தெரியாது. அப்படியானால் கண்ணாடி போட்டிருந்தேன். சட்டைப்பையில் இருந்தது, எடுத்துப் போட்டேன், உறையை மேஜையில் வைத்தேன், ஆமாம், உறை பச்சை நிறம், டாக்டர் அதை நகர்த்தி வைத்தாள். சரி, தேதியை மட்டும் படித்தேன் என்று வைத்துக்கொள்ளலாமே. தேதி தனிக் கட்டம், வரிகள் தனி. தேதியைப் பார்த்துவிட்டு வரிகளைப் பார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாதா? மற்றவன் போடலாம். நான் போடமாட்டேன். ஒர்க் ஷாப்பில் என் மேஜைக்கு வந்த கண்டம் லிஸ்ட் எத்தனை? இந்த லேத் தேறாது, இந்த மோட்டார் தேறாது, கண்டம் பண்ணிக் கழித்துவிடலாம் என்று எழுதிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொரு வரியாகப் படித்து, போய்ப் பார்த்து, பிறகுதான் ஒப்பம். திருஞானம் சார் கிட்டப் போனா சாயங்காலம் ஆயிரும் என்று பேரே உண்டு. அப்பேர்ப்பட்டவன் துரையின் தாளைப் படிக்காமலா போட்டேன். தேதிக்கு அடுத்த வரியிலேயே யூதனேசியா என்ற அந்த இங்கிலீஷ் வார்த்தை இருக்கிறது, கறுப்பாக, பெரிய எழுத்தில். படித்தேன். அர்த்தம் தெரியும். எங்கள் காலனி நாயெல்லாம் அந்த வார்த்தையில் போனதை நான் பேப்பரில் பார்த்திருக்கிறேன். படித்துவிட்டு, தூங்க வைப்பதுதான், தூங்கத்தான் போகிறான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நான் போர்த்திக்கொள்ள அந்த வார்த்தை தோதாக இருந்தது.

ஃபேன் ஓடுகிறது, முதுகு முழுக்க வேர்வை. போதும், இத்தோடு நிறுத்திக்கொள் என்று மனசு சொல்கிறது, ஆனால் நிற்கமாட்டேன் என்கிறது. மங்கை எங்கே இருந்தாள் அப்போது? கிளினிக் வாசலில், மருந்துக்கடை நிழலில். ஊசி குத்துவதைப் பார்க்கத் தாங்கமாட்டாள், எப்போதும் அப்படித்தான். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து அவளிடம் சொன்னேன். என்ன சொன்னேன்? "ஊசி போட்டுத் தூங்க வைக்கப் போறாங்க மங்கை, உள்ள ஏசி ஜில்லுனு இருக்கு, நீ ஆட்டோ புடிச்சுப் போயி அவன் போர்வைய எடுத்துட்டு வந்துரு." எடமலைப்பட்டி புதூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போய்த் திரும்ப முக்கால் மணி நேரம் ஆகும். எனக்குத் தெரியும். அவள் முகம் எப்படி மலர்ந்தது. "அப்பாடா, தூங்கட்டுங்க, தூங்கி எந்திரிச்சா தெளிஞ்சிருவான்" என்றாள். வாசலில் நின்றபடியே உள்ளே எட்டிக் குரல் கொடுத்தாள், "தொரை, அம்மா போர்வ எடுத்துட்டு ஓடியாந்துர்றேன்." ஆட்டோவில் ஏறும்போது செருப்பு ஒன்று கழன்றது, எடுத்து மாட்டிக்கொண்டு போனாள். உள்ளே போனால் டாக்டரின் உதவிப் பெண் கேட்டது, "ஆன்ட்டி வந்து பாத்துட்டுப் போகட்டுமே அங்கிள்." நான் சொன்னேன், "வேணாம்மா, அவ தாங்கமாட்டா." தூங்குகிற நாயைப் பார்க்க யாருக்குத் தாங்காது? அவள் இருந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பாள். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவோம் என்றிருப்பாள். மறுபடி வாந்தி, மறுபடி வலிப்பு, மறுபடி சுவரில் முட்டிக்கொண்டு நிற்பான், நாங்கள் தரையில் உட்கார்ந்து பிடித்துக்கொள்வோம். துரையால் முடியவில்லை என்று சொல்லலாம். அதுவும் நிஜம்தான். ஆனால் அன்றைக்கு என்னால் முடியவில்லை. என்னால் முடியவில்லை என்பதற்காக அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். திரும்பி வந்து போர்வையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவளிடம், தூங்கினவன் முழிக்கவே இல்ல மங்கை என்றேன். அது பொய்யில்லை பாருங்கள். பொய் சொல்லாமலே ஏமாற்ற எங்கே கற்றேன். தப்பான ஊசி என்று ஆரம்பித்தது அவள். நான் ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வாசலில் நின்று அந்தப் பெண்ணைப் பார்த்து, "கொலகாரி, நீ நல்லா இருப்பியா" என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகக் கத்தினாள். இளவேனில் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் சொல்லுவேன் என்று காத்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம். நான் ஸ்கூட்டர் சாவியைத் தேடினேன். கையில்தான் இருந்தது, தேடினேன். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்குமா. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"சார், மணி ஒன்னு அஞ்சு" என்றார் ஆரோக்கியமேரி மேடம். மாட்டுக்காரர் போய்விட்டிருந்தார், எப்போது போனார் என்று தெரியவில்லை. எழுதினேன். எழுத ஆரம்பித்ததும் கை வழக்கம்போல ஓடியது, அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. மருத்துவர் இளவேனில் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னார். சம்மதக் கடிதத்தை முழுவதும் படித்துப் பார்த்து, பொருள் தெரிந்தே கையெழுத்திட்டேன். தவறான ஊசி எதுவும் போடப்படவில்லை. இவை எதுவும் என் மனைவிக்குத் தெரியாது. அவரை நான்தான் பொய்க் காரணம் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். மேடம் வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "கடைசி ரெண்டு வரி எங்களுக்குத் தேவையில்ல சார், அடிச்சிரலாம். அம்மாகிட்ட நீங்க வீட்டுல வச்சு மெதுவா..." என்றார். இருக்கட்டும் மேடம் என்றேன். வீட்டுக்குப் போனால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும். சாப்பிட்டபிறகு என்பேன், நாளைக்கு என்பேன், வெள்ளிக்கிழமை வேண்டாம் என்பேன்.

மங்கை பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து பையை மடியில் வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, "என்னங்க, விசாரிக்கறேன்னு சொன்னாங்களா?" என்றாள். படி என்று தாளை நீட்டினேன். இவளுக்குக் கண்ணாடி வேண்டாம், இன்னும் நன்றாகத் தெரியும். அனுப்புநரிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். முடித்துவிட்டு மறுபடி மேலேயிருந்து படித்தாள். மாடிப்படியில் யாரோ டிபன் கேரியரோடு ஏறினார்கள், ஒதுங்கி வழிவிட்டாள், படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன், கத்துவாள் என்று நினைத்தேன், எல்லோர் முன்னாலும் ஒரு அறை விட்டாலும் நல்லது என்று நினைத்தேன். அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"என்னத் தேடுனானா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஊசி போட்டதும் கண் சொருகிவிட்டது, ஒன்றும் தெரியாது அவனுக்கு என்று சொல்லியிருந்தால் இவள் இன்றைக்குச் சாப்பிடவாவது செய்வாள். வாய்வரை வந்தது.

"தேடுனான் மங்கை. கதவையே பாத்துக்கிட்டு இருந்தான்."

தலையை ஆட்டினாள். என் சட்டைப்பையிலிருந்து அவளே பேனாவை எடுத்து, பெஞ்சில் தாளை வைத்துக் குனிந்து, முழுப்பெயரையும் எழுதினாள், மங்கையர்க்கரசி திருஞானம் என்று. தாளை என் கையில் கொடுத்தாள். பேனாவையும் மூடிக் கொடுத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு படி இறங்கியவள் நின்றாள், ஆனால் திரும்பவில்லை.

"நீங்க வண்டில போங்க. நான் மொதல்ல அந்த டாக்டர் பொண்ணப் பாக்கணும். பாத்துட்டு பஸ்ல வந்துக்கறேன்."

நானும் வருகிறேன் என்றேன்.

"வேணாம்" என்றாள். "நீங்க தாங்கமாட்டீங்க."